தெருவிளக்கும் கலாஞ்சோவும்

கேள்வி: போன வருஷம் ஜனவரியில் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போனபோது, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூவோடு ஒரு கலாஞ்சோ வாங்கி வந்தேன். பூ உதிர்ந்த பிறகு இலை மட்டும் தளதளவென்று வளர்கிறது. இந்த ஜனவரியும் போய்விட்டது, ஒரு மொட்டு இல்லை. ஒரு சீசன் செடிதானா, தூக்கிப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, ராஜாஜிநகர், பெங்களூரு

பதில்: போட்டுவிடாதீர்கள் அம்மா. என் வீட்டுக் கலாஞ்சோவுக்கு ஒன்பது வயது. முதல் இரண்டு வருஷம் அதுவும் இப்படித்தான் ஏமாற்றியது. நர்சரிக்காரர் சொன்னாரென்று ஏதோ ஒரு பொடி வாங்கிப் போட்டேன். இலைதான் இன்னும் கொழுத்தது. ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்க்கிறேன், அல்சூர் வீட்டுப் பால்கனிச் சுவரில் செடியின் நிழல் ஒவ்வொரு இலையாகத் தெரிகிறது. எதிரே புதிதாக வைத்த வெள்ளைத் தெருவிளக்கு!

மடகாஸ்கரிலிருந்து வந்த செடி இது. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். தினமும் பதினான்கு மணி நேரம் போல இருட்டு, ஆறு வாரம் விடாமல் வேண்டும். நடுராத்திரி கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தாலும் கணக்குக் கெட்டுவிடும். நான் அக்டோபர் முதல் தேதியிலிருந்து மாலை ஐந்துக்கு மிக்சி வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்ப்பேன், காலை ஏழுக்கு எடுப்பேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நவம்பர் நடுவில் நுனியில் கடுகு போல மொட்டுகள். பொங்கலுக்குச் செடி முழுக்கப் பூ.

பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும். மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். பூ முடிந்ததும் காம்பை நறுக்கிவிடுங்கள். இலைத் தண்டு ஒன்றை ஒடித்து, வெட்டு காய இரண்டு நாள் விட்டு நட்டால் இன்னொரு செடி. வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், தின்றால் ஆகாது.

கேள்வி: எங்கள் பிரம்ம கமலத்தில் இலையிலிருந்து பூ வருகிறதே, எப்படி?
– ஒரு வாசகர், ஜெயநகர், பெங்களூரு

பதில்: அது இலை இல்லை சார், தட்டையான தண்டு. கள்ளி வகை. அதன் ஓரத்துப் பள்ளங்களில்தான் மொட்டு வரும். இமயமலைப் பிரம்ம கமலம் வேறு. இது மெக்சிகோ பக்கத்துச் செடி. மொட்டு தலையை நிமிர்த்திப் பருத்தால் அன்றைக்குச் சீக்கிரம் தூங்கப் போகாதீர்கள், விடிந்தால் வாடிவிடும்.