ஃபார்மலினில் விழுந்த நேரம் என்ன? (மார்பகக் கட்டி பரிசோதனை: கேள்வி-பதில்)

கேள்வி: ஆபரேஷன் முடிந்து ஸ்பெசிமனை (வெட்டி எடுத்த திசுவை) லேபுக்கு அனுப்பும்வரை சலைனில் வைக்கலாமா?

கூடாது. நேராக 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், அதாவது திசு அழுகாமல் பதப்படுத்தும் திரவம். திசுவின் அளவைப்போல் பத்து மடங்கு திரவம் வேண்டும். அகன்ற வாய் டப்பா இல்லையென்று குறுகிய வாய்ப் பாட்டிலில் திணிக்காதீர்கள்.

கேள்வி: ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏற்பி) 3 சதவீதம் வந்திருக்கிறது. பாசிட்டிவா, நெகட்டிவா?

1 சதவீத புற்றணுக்களில் நிறம் பிடித்தாலே பாசிட்டிவ்தான். ஆனால் 1 முதல் 10 வரை இருந்தால் 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். பக்கத்தில் உள்ள சாதாரண மார்பகச் சுரப்பி நிறம் பிடித்ததா? சோதனை சரியாக நடந்ததற்கு அதுதான் அடையாளம். அதை எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் ஆடிட் (வேலை சரியாக நடக்கிறதா என்ற தணிக்கை) தொடங்குகிறோம். எதைப் பார்ப்பது? சனிக்கிழமை ஸ்பெசிமன் திங்கள் காலைதான் வெட்டப்படுகிறது. 72 மணிக்குள் வந்துவிடுகிறதே, போதாதா?

போதாது. ஃபார்மலினில் 6 முதல் 72 மணி ஊற வேண்டும் என்ற கணக்கு, வெட்டித் திறந்த திசுவுக்கு. ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் உள்ளே போகும். முழு மார்பகத்தை அப்படியே டப்பாவில் போட்டால் தோல் பதப்படும், நடுவில் இருக்கும் கட்டி அழுகும். உடலிலிருந்து எடுத்து ஒரு மணிக்குள் ஓரங்களை அடையாளம் காண மையிட்டு, கட்டியின் குறுக்கே ஒரு சென்டிமீட்டருக்குள் துண்டுபோட்டு ஃபார்மலினில் விட வேண்டும். வார இறுதியில் இதை யார் செய்வது என்று லேபுடன் முன்னமே பேசி வையுங்கள். ஓரங்களைக் கெடுக்காமல் வெட்டத் தெரிந்தவர் வேண்டும்.

ஆடிட்டுக்கு, கடைசி நூறு ரிக்வெஸ்ட் ஃபார்ம்களை எடுங்கள். எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் என்ற இரண்டு கட்டங்களை மட்டும் பாருங்கள். பாதிக்குமேல் காலியாக இருக்கும். மீதியில் ஒரே கையெழுத்தில் 10.00, 10.05 என்று வரிசையாக இருந்தால் அது இன்னும் மோசம். மாலையில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். நம் ஊரில் ஈ.ஆர். பாசிட்டிவ் குறைவு என்கிறோம். அதில் நோயின் இயல்பு எவ்வளவு, ஃபார்மலினில் சரியாகப் பதப்படாத குறை எவ்வளவு என்று தன் லேபில் பார்க்காதவர் அதைச் சொல்லக்கூடாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை நடந்த ஹார்மோன் ஏற்பிச் சோதனைகளில் கிட்டத்தட்ட 400 பேருக்குத் தவறான முடிவு போனது. நீதிபதி மார்கரெட் கேமரனின் விசாரணை அறிக்கை 2009-ல் வந்தது. பொய் நெகட்டிவ் என்றால், ஈ.ஆர். பாசிட்டிவ் நோயாளிக்குத் தர வேண்டிய ஹார்மோன் தடுப்பு மருந்தான டமாக்ஸிஃபென் கிடைக்காமல் போகிறது. அதனால்தான் கேட்கிறேன்: நேரத்தை எழுதுங்கள்.

கேள்வி: எலும்புக்குப் பரவிய கட்டியில் ஹெர்-2 (சில மார்பகப் புற்றுகளில் மிகுந்திருக்கும் புரதம்) பார்க்கலாமா?

பார்க்கலாம், ஈ.டி.டி.ஏ. என்ற மென்மையான கரைசலில் எலும்பின் சுண்ணாம்பை நீக்கியிருந்தால். கடும் அமிலத்தில் ஊறியிருந்தால் முடிவை நம்பாதீர்கள்.

கேள்வி: ஹெர்-2 'இரண்டு பிளஸ்'. மருந்து ஆரம்பிக்கலாமா?

முதலில் ஃபிஷ் (ஹெர்-2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும்) சோதனை. இரண்டு பிளஸ் என்பது முடிவில்லை.

கேள்வி: அம்மாவின் ரிப்போர்ட்டில் சந்தேகம். வேறு இடத்தில் கேட்கலாமா?

தாராளமாக. ரிப்போர்ட் நகல் மட்டும் போதாது, ஸ்லைடும் பிளாக்கும் (மெழுகில் பதித்த திசுவும்) கேட்டு வாங்குங்கள். கூடவே திசுவை எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டும் இருக்கிறதா என்று ஃபார்மைப் பாருங்கள்.