வீட்டில் கட்டும் விமானத்துக்கு ரோட்டரி எஞ்சினா, பிஸ்டன் எஞ்சினா?

பறக்கத்தான் கட்டுகிறீர்கள் என்றால் பிஸ்டன். எஞ்சினோடு மல்லுக்கட்டுவதில் இன்பம் காண்பவர் என்றால் ரோட்டரி. ஆனால் "ரோட்டரி சீக்கிரம் உடைந்துவிடும்" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

ரோட்டரி என்பது மேலும் கீழும் ஓடும் பிஸ்டனுக்குப் பதிலாக, ரோட்டர் என்ற முக்கோணத் துண்டு உள்ளே சுழலும் வாங்கல் எஞ்சின். வீட்டில் விமானம் கட்டுபவர்கள் ரோட்டரி என்று சொல்வது பெரும்பாலும் மஸ்தா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களில் வந்த 13பி தான். 1.3 லீற்றர், இரண்டு ரோட்டர். வால்வு இல்லை, கேம் இல்லை, கனெக்டிங் ரொட்டும் இல்லை. பிஸ்டன் எஞ்சினில் ஒரு வால்வு ஒடிந்து உள்ளே விழுந்தால் அந்தச் சிலிண்டர் முடிந்தது, சிலவேளை எஞ்சினும் சேர்ந்து. ரோட்டரியில் அபெக்ஸ் சீல், அதாவது ரோட்டரின் மூலையில் வாயு கசியாமல் அடைக்கும் பட்டை, போனால் அந்த ரோட்டரின் கம்பிரஷன் குறையும். மற்ற ரோட்டர் பெரும்பாலும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

வில்லங்கமெல்லாம் அதைச் சுற்றி நீங்களே கட்டவேண்டிய சாமான்களில்தான் வரும்.

முதலில் கியர். சிறு விமானங்களில் வரும் பிஸ்டன் எஞ்சினான 5.9 லீற்றர் லைக்கமிங் ஓ-360, நிமிடத்துக்கு 2700 சுற்றிலேயே 180 குதிரைவலு தரும். புரொப்பெல்லரை நேரே கிராங்கில் பூட்டலாம். 13பி அந்த வலுவைத் தர 6000 சுற்றையும் தாண்டவேண்டும். அந்த வேகத்தில் புரொப்பெல்லரைச் சுற்றினால் அதன் நுனி ஒலியை முந்திவிடும். ஆகவே நடுவில் வேகம் குறைக்கும் கியர் வேண்டும். எஞ்சினின் துடிப்பும் புரொப்பெல்லரின் பாரமும் ஏதோ ஒரு சுற்றில் ஒத்ததிரத் தொடங்கினால் பல்லும் ஷாஃப்டும் தாங்காது. ரோட்டாக்ஸ் 912 இலும் கியர் உண்டே என்பீர்கள். (பெயரைப் பார்த்து அதையும் ரோட்டரி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அது நாலு சிலிண்டர் பிஸ்டன்.) அந்தக் கியரை எஞ்சினோடு சேர்த்து வடிவமைத்துச் சோதித்தது கம்பனி. உங்களுடையதைச் சோதிக்கப்போவது நீங்கள், அதுவும் வானத்தில்.

அடுத்தது சூடு. லைக்கமிங் காற்றிலேயே ஆறும். 13பிக்குத் தண்ணீர் ரேடியேற்றரும் வேண்டும், பெரிய ஒயில் கூலரும் வேண்டும். ரோட்டர்களை உள்ளிருந்து ஆற்றுவது ஒயில்தான். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலைய ஓடுபாதையில் மத்தியான வெயிலில் உங்கள் முறை வரும்வரை நிற்பதை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் கடல் வேறு. ரேடியேற்றரின் அலுமினிய இதழ்களை உப்புக்காற்று சும்மா விடாது.

புகைபோக்கியும் தலையிடிதான். வெளியேறும் வாயு அவ்வளவு சூடு. சாதாரண சைலன்சரின் உட்தகடுகள் எரிந்துபோகும். பெற்றோலும் கூடக் குடிக்கும். ஒக்டேன் 92 போதும் என்பது மட்டும் ஆறுதல்.

உதிரிப்பாகம்? கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்காதது இல்லை என்பார்கள். 13பியின் ரோட்டர் ஹவுசிங், அதாவது ரோட்டர் சுழலும் கூடு, கேட்டுப் பாருங்கள், தெரியும். லைக்கமிங் பாகமும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், விலையும் கண்ணைக் கட்டும். ஆனால் பயிற்சிப் பள்ளிகள் ஓட்டும் செஸ்னா 152 இல் இருப்பதே லைக்கமிங் என்பதால், அதில் கைபழகிய ஆட்களை இரத்மலானையில் தேடிப் பிடிக்கலாம்.

எனக்கு மிகவும் பயம் தருவது மின்சாரம். லைக்கமிங்கில் இரண்டு மெக்னீற்றோ, எஞ்சின் சுழலும்போது பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் கருவி. பாற்றரி செத்தாலும் பிளக்கில் பொறி விழும். 13பிக்கு இக்னிஷன், இன்ஜெக்டர், பெற்றோல் பம்ப் எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். எப்படியும் அதைத்தான் பூட்டுவேன் என்றால் இரண்டு பாற்றரி, இரண்டு பம்ப், தனித்தனி வயரிங். கியரை மட்டும் உள்ளூர் லேத்தில் கடையக் கொடுக்காதீர்கள். பலர் பறந்து பார்த்த ஒன்றை முழுசாக வாங்குங்கள்.