மறுவாழ்வு இல்லத்தில் கூட இருந்தவர்களை இத்தனை வருடம் கழித்துத் தேடிப் போகலாமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இது: பதினாறு வயதில் போதைப் பழக்கத்துக்காக ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். இப்போது வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அப்போது கூட இருந்த பையன்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. மனைவிக்கு இந்தக் கதையே தெரியாது. தேடலாமா, தேடினால் எப்படி?

தேடலாம். ஆனால் யார் வீட்டு வாசலிலும் திடுதிப்பென்று போய் நிற்காதீர்கள். பதில் இவ்வளவுதான், ஏன் என்பதற்குத்தான் மீதி.

நானும் அப்படி ஓர் இடத்தில் இருந்தவன். தொண்ணூறுகளின் நடுவில், வடசென்னை ராயபுரத்தில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைக் கைக்குட்டையில் ஊற்றி முகர ஆரம்பித்து, அப்புறம் மாத்திரைக்குப் போய், கடைசியில் ஒருநாள் அப்பாவும் தாய்மாமாவும் ஆட்டோவில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டார்கள். இடத்தின் பெயர் வேண்டாம். அது மூடிப் பல வருடம் ஆகிறது. அந்தக் கட்டடத்தில் இப்போது கல்யாணத்துக்குப் பாத்திரம், சேர் வாடகைக்கு விடுகிறார்கள்.

உள்ளே எங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரே பெயரில் மூன்று நாலு பேர் இருந்ததால் ஏரியாவை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். காசிமேடு, கொருக்குப்பேட்டை, பட்டாளம், எண்ணூர். நான் கல்மண்டபம். மாதக்கணக்கில் பக்கத்துப் பாயில் படுத்தவனின் முழுப்பெயர் தெரியாது, அப்பா பெயர் தெரியாது. ஃபேஸ்புக்கில் போய் காசிமேடு என்று அடித்தால் வஞ்சிரமும் சங்கராவும்தான் வரும்.

பழைய விலாசமும் உதவாது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பத்துக் குடும்பங்கள் பல எர்ணாவூர் குடியிருப்புக்குப் போய்விட்டன. ஆற்றோரம், கால்வாய் ஓரம் இருந்தவர்களில் நிறையப் பேரைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊரின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறந்து வளர்ந்த தெருவில் போய் விசாரித்தால், ஆள் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பான். இல்லத்துப் பதிவேடு எங்காவது இருக்குமா என்று அலையவும் வேண்டாம். இருந்தாலும் தரமாட்டார்கள், தரவும் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமை இருக்கிறது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதில் அடங்கும். அந்த உரிமை உங்களுக்கு எவ்வளவோ அவனுக்கும் அவ்வளவு.

எனக்குக் கைகொடுத்தது கேரம். உள்ளே இருந்த ஒரே பொழுதுபோக்கு ஒரு பழைய போர்டு. போரிக் பவுடர் கேட்டால் வார்டன் முறைப்பார், எங்கள் பக்கம் பவுடர் என்றால் பிரவுன் சுகர், அந்தப் பேச்சே அவருக்கு ஆகாது. சமையல்காரம்மாவிடம் கெஞ்சி அரிசி மாவு வாங்கித் தூவிக்கொள்வோம். பத்து ஆட்டத்துக்குள் மாவு பிசுபிசுத்துக் காய் ஓடாது, லுங்கி முனையால் துடைத்துத் துடைத்து ஆடுவோம். அதிலும் பட்டாளம் தன் பக்கம் வந்து நின்றுவிட்ட காயைக் கட்டைவிரலால் பின்பக்கமாக அடித்துப் பாக்கெட் பண்ணுவான். அப்படி ஒரு கட்டைவிரலை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மரிய இருதயம் உலக சாம்பியனாகி, அர்ஜுனா விருதும் வாங்கிய காலம் அது. வடசென்னையில் சந்துக்குச் சந்து கேரம் கிளப் இருந்தது, எல்லோருக்கும் அவர் மாதிரி ஆக ஆசை.

2024-இல் வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண் காசிமா, அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தபோது, எங்கள் பக்கத்து டீக்கடையில் எல்லாம் அதே பேச்சு. பட்டாளம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் ஏதாவது கிளப்பில் தெரிந்திருக்குமே என்று அப்போதுதான் தோன்றியது. புளியந்தோப்புப் பக்கம் இரண்டு மூன்று கிளப்பில் கேட்டேன். "கட்டைவிரல்ல ஆடுவார், இடது புருவத்துல தழும்பு இருக்கும், என்கூட சின்ன வயசுல ஆடினவர்." அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவனுடைய நம்பரைக் கேட்கவில்லை. என் நம்பரை எழுதிக் கொடுத்து, "கல்மண்டபம் தேடினான்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். யார் என்று அவனுக்குப் புரியும், கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் புரியாது.

நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். உங்கள் நம்பரை விட்டுவிட்டு வாருங்கள், அவர் நம்பரை வாங்காதீர்கள். கூப்பிட விரும்பினால் கூப்பிடுவார். கூப்பிடவில்லையென்றால் அதுவே பதில், திரும்பப் போய் நிற்கக் கூடாது. பட்டாளம் கூப்பிடக் கொஞ்ச நாள் ஆயிற்று. எடுத்ததும் ஹலோ கூடச் சொல்லவில்லை. "இன்னா கல்மண்டபம், உயிரோட கீறியா?"

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஆடி மாதம் அந்த ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. பில் போட நாலு பேர் நிற்கும்போது, நடுவில் ஒருத்தர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணூர். முகம் அடையாளம் தெரிவதற்குள் ஆரம்பித்துவிட்டான்: "கல்மண்டபம், நான்தான்டா ஒன்ன வார்டன்கிட்ட மாட்டிவுட்டேன். அந்தப் பீடிக்கட்டு விஷயம். என்ன மன்னிச்சிடுடா." பக்கத்தில் முதலாளி, எதிரே சேலைக்குப் பில் வாங்க நிற்கும் ஓர் அம்மா. அவன் கண்ணில் தண்ணீர். எனக்கோ அந்த நேரத்தில் அவன் வாயைப் பொத்தினால் போதும் என்றிருந்தது. தோளில் கைபோட்டுச் சந்துக்குள் இருக்கும் டீக்கடைக்குக் கூட்டிப் போய்விட்டேன். முதலாளி கேட்டதற்குச் சீட்டுப் பணத் தகராறு என்று சொல்லி வைத்தேன்.

எண்ணூர் கெட்டவன் இல்லை. குடியை விட்டு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகிறான். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது, தான் துன்பப்படுத்தியவர்களிடம் நேரில் போய் ஈடு செய்வது. ஆனால் அந்தப் படியிலேயே, அதனால் அவர்களுக்கோ பிறருக்கோ தீங்கு வருமென்றால் வேண்டாம் என்ற விலக்கும் இருக்கிறது. அவனுக்கு முதல் பாதி மட்டும்தான் மனப்பாடம்.

பள்ளித் தோழர்களைத் தேடுவது போல நினைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள். அங்கே எங்களை ஒருத்தனுக்கு ஒருத்தன் உளவாளியாகத்தான் வைத்திருந்தார்கள். யார் பீடி பிடித்தான், யார் வீட்டுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதினான் என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை முட்டை கிடைக்கும். சாயங்காலம் குரூப் என்று ஒன்று நடக்கும். ஒருத்தனை நடுவில் உட்காரவைத்து மற்றவர்கள் அவன் குறையையெல்லாம் கத்திச் சொல்ல வேண்டும். சத்தம் குறைந்தால் அடுத்து நடுவில் உட்காருவது நீங்கள். ரொம்ப நாள் இது எங்கள் வார்டனின் மூளையில் உதித்தது என்றே நினைத்திருந்தேன். பிற்பாடு படித்ததில், 1958-இல் கலிபோர்னியாவில் சார்லஸ் டெடரிக் ஆரம்பித்த சினனான் என்ற அமைப்பு இதையே ஒரு விளையாட்டு என்ற பெயரில் நடத்தியிருக்கிறது. 1976-இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய ஸ்ட்ரெயிட் என்ற அமைப்பு, பதின்வயதுப் பிள்ளைகளிடம் இதே மாதிரி செய்து, வழக்கும் புகாருமாகச் சேர்ந்து 1993-இல் மூடியது. அதே சரக்கைத்தான் எங்களுக்கு மொட்டைமாடி ஷெட்டில் இறக்கியிருந்தார்கள்.

அதனால் நீங்கள் பார்க்கப் போகிறவர் உங்களை நடுவில் உட்காரவைத்துக் கத்தியவராகவும் இருப்பார், உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் போர்வையைக் கொடுத்தவராகவும் இருப்பார். இரண்டும் ஒரே ஆள்தான். எண்ணூர் மாட்டிவிட்டதற்காக என்னை அரிசி மூட்டை போடுகிற அறையில் அடைத்தார்கள். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினைந்து வயதுப் பையனுக்கு முட்டை பெரிய விஷயம். அடைத்தவர்கள் மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

2001 ஆகஸ்ட்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் எரிந்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் செத்துப்போன செய்தியைப் படித்தபோது, எங்கள் மாடிப்படி ஷட்டரும் அதன் பூட்டும்தான் கண்முன் வந்தன. வெளியே வந்த பிறகு கூட இருந்த பையன்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். சங்கிலியால் கட்டக்கூடாது என்று இப்போது சட்டமே சொல்கிறது.

தேடினால் எல்லோரும் கிடைப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பவுடரிலிருந்து ஊசிக்குப் போனவர்கள் நிறைய. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-இல், இந்தச் சென்னையில்தான். அரசு இலவசமாக அதற்கான ஏ.ஆர்.டி. மாத்திரை கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில், தாம்பரம் சானடோரியம் அந்த முதல் மையங்களில் ஒன்று. கொருக்குப்பேட்டை அதற்கு முன்பே போய்விட்டான். அவனைப் பற்றி அவன் அக்காவிடம்தான் தெரிந்துகொண்டேன். "டிபின்னு சொன்னாங்க தம்பி" என்றார். நானும் ஆமாம் அக்கா என்றேன். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் அவர் வீட்டுக் கணக்கு, அதைத் திருத்துவதற்கு நாம் போகவில்லை.

உயிரோடு இருப்பவர்கள் எல்லோருக்கும் அந்த இடம் ஒரே மாதிரி நினைவில் இல்லை என்பது இன்னொன்று. பட்டாளம் வார்டன் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவான். காசிமேடு, "அந்த ஆளு அடிக்கலன்னா நான் என்னிக்கோ மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போயிருப்பேன்" என்கிறான். அவன் இப்போது விசைப்படகில் பங்குதாரர், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டான். அவனிடம் போய் உனக்கு நடந்தது கொடுமை என்று நிரூபிக்க எனக்கு என்ன வேலை? அவரவர் கதையை அவரவர் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அமெரிக்காவில் இப்படிப்பட்ட இடங்களில் இருந்தவர்கள் பெரியவர்களானதும் ஒன்றுசேர்ந்து பேசி, தொலைக்காட்சிப் பிரபலம் பாரிஸ் ஹில்டனும் கூட நின்று, 2024 டிசம்பரில் சிறுவர் நிறுவனக் கொடுமைகளுக்கு எதிராக ஒரு மத்தியச் சட்டமே கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல விஷயம். நாங்கள் நாலைந்து பேர் கூடினால் கேரம்தான் ஆடுகிறோம்.

சில்லறை விஷயங்கள் சில. வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால் பெயரில் கவனம், வீட்டில் போனைப் பிள்ளைகள்தான் அதிகம் எடுக்கிறார்கள். எங்கள் குழுவின் பெயர் கேரம். பழைய போட்டோ எதையும் அதில் போடுவதில்லை. முதல் சந்திப்பு யாருக்கும் தெரிந்தவர் வராத இடத்தில் இருக்கட்டும். மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டதால் எங்களுக்குத் திருவொற்றியூர் வசதி, கோயில் பக்கம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம். பாருக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள், அவர் குடிப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லாவிட்டாலும். யாராவது ஒருவர் கட்டாயம் கடன் கேட்பார். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையாக இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் முதல் தடவையே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. யாரையும் தேடுவதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். எண்ணூர் மாதிரி ஒருத்தர் எந்த நாளும் வாசலுக்கு வந்து நிற்கலாம், அவர் வாயால் கேட்பதைவிட உங்கள் வாயால் கேட்பது மேல். எண்ணூர் வந்துபோன அன்று ராத்திரி நான் என் மனைவியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தவள், "கல்யாணத்துக்கு முன்னாடியே அத்தை சொல்லிட்டாங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது, இனி அவரிடம் போய்ச் சண்டை போட முடியாது.

இன்னொன்று, சந்தித்துவிட்டு வந்த ராத்திரிகளில் தூக்கம் கெடும். பட்டாளத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு கொஞ்ச நாள் எனக்கு அந்த ஷட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சிலருக்குப் பழைய ஆசையும் தலைதூக்கும். சமாளித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மனநலத்துக்கு 14416, போதைப் பழக்கத்துக்கு 14446, இரண்டும் இலவச எண்கள். 14416-இல் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைப் பட்டாளத்துக்குக் கொடுத்ததும் நான்தான், அவனுக்கு முன்பே அதில் கூப்பிட்டுப் பேசியதும் நான்தான்.