‘மேக்கப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முகப்பூச்சு என்று மட்டும்தான் பொருளா? மற்ற மொழிகள் அதை எப்படி எடுத்துக்கொண்டன?

இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது வேலூரில், கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடித்துக்கொடுத்த ஒரு சிறிய அச்சகத்தை வைத்துத்தான். அப்பா அங்கே கம்பாசிட்டர். “இன்றைக்கு மேக்கப் முடியப் பத்து மணி ஆகும், சாப்பாட்டை மூடி வைத்துவிடு” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார். கோத்த ஈய எழுத்துகளைப் பக்க அளவுக்கு அடுக்கிச் சட்டத்துக்குள் இறுக்கும் வேலைக்கு அந்தப் பெயர். ராத்திரியில் அப்பா யாருக்காகப் பவுடர் பூசிக்கொள்கிறார் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

ஆங்கிலத்தில் அதன் அடிப்படைப் பொருள் பல துண்டுகளைச் சேர்த்து ஒன்றை உருவாக்குவது. அதிலிருந்து எத்தனையோ கிளைகள்: ஒரு பொருளின் உள்ளமைப்பு, இல்லாத கதையைக் கட்டிவிடுவது, சண்டைக்குப் பின் ராசியாவது, தவறவிட்ட தேர்வை மறுபடி எழுதுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடகக்காரர்கள் வேஷம் கட்டுவதை அப்படிச் சொன்னார்கள். மேடையிலிருந்து அது வீட்டுக் கண்ணாடி முன் வந்ததில், ஹாலிவுட் நடிகர்களுக்குப் பூச்சு தயாரித்த மேக்ஸ் ஃபேக்டருக்குப் பெரும் பங்கு உண்டு.

கடன் வாங்கியவர்கள் யாரும் மூட்டையை முழுதாக வாங்கவில்லை. ஜப்பானியர் வாலை நறுக்கி ‘மேக்கு’ ஆக்கினார்கள்; பூச்சில்லாத முகத்துக்கு ‘நோமேக்கு’ என்று தாங்களே ஒரு சொல்லும் செய்துகொண்டார்கள். ஜெர்மனியில் மேக்கப் என்று கேட்டால் பெரும்பாலும் ஃபவுண்டேஷன் கிரீமைத்தான் எடுத்து நீட்டுவார்கள். துருக்கியரும் போலந்துக்காரர்களும் ரஷ்யர்களும் ஆங்கிலத்திடம் போகாமல் பிரெஞ்சின் ‘மகியாஜ்’ என்ற சொல்லை வாங்கினார்கள். அதன் வேரைத் தோண்டினால் ‘செய்’ என்று பொருள்படும் பழைய டச்சு வினை கிடைக்கிறது. ஆங்கில ‘மேக்’கின் பங்காளிதான் அது! திருட்டு வண்டியின் அடையாளத்தை மாற்றுவதற்கும் பிரெஞ்சுக்காரர்கள் இந்த ‘மகியாஜ்’ சொல்லின் வினை வடிவத்தையே சொல்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இதுதான்.

அச்சகத்துக்கு வெளியே நாமும் முகத்தை மட்டும்தான் வாங்கினோம். ‘ஒப்பனை’ நல்ல சொல்தான், ஆனால் ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு ஈடுகொடுப்பது ‘புனை’. உருவாக்குவதும் புனைதல், அலங்கரிப்பதும் புனைதல், இல்லாததைக் கட்டிச் சொல்வதும் புனைதல். இதை வைத்துக்கொண்டு நாம் ஏன் கடன் கேட்டுப் போனோம் என்பது வேறு கதை.

தெருக்கூத்துக்காரர்களிடம் இன்னொரு சொல் இருக்கிறது: அரிதாரம். முதலில் அது ஆர்சனிக் கலந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர்; வடமொழியில் ஹரிதாலம். பிறகு முகத்தில் பூசும் எல்லா வண்ணமும் அரிதாரம் ஆகிவிட்டது. ஜெர்மனியில் சுருங்கியது, இங்கே விரிந்திருக்கிறது.

ஆரணிப் பக்கத்து என் தாய்மாமா கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர். (1989இல் மாவட்டம் பிரிந்து ஆரணி திருவண்ணாமலையோடு போய்விட்டது, அவர் மட்டும் கடைசிவரை தன்னை வட ஆற்காட்டுக்காரர் என்றே சொல்லிக்கொண்டார்.) வேலூரில் என் தங்கையின் கல்யாணத்தன்று, மணமகள் மேக்கப்புக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்று அழகுநிலையப் பெண் சொன்னதும், மாமா கதவருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“துரியோதனனுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். ஏம்மா, கிரீடம் உண்டா?”