மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை ஹார்வர்ட், எம்ஐடி போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்க முடியுமா?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஹார்வர்ட், எம்ஐடி மாதிரி இடங்களில் இளங்கலை படிக்க ஆசைப்படுகிறான். மாநிலப் பாடத்திட்டம், நடுத்தரக் குடும்பம். விண்ணப்பிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். எந்தப் பல்கலைக்கழகம் பணம் தரும் என்பதிலிருந்து தொடங்குங்கள். பெயரும் தரவரிசையும் அப்புறம்தான். என் தம்பி இரண்டு முறை விண்ணப்பித்தான். முதல் முறை இடம் கிடைத்தும் எங்களால் அவனை அனுப்ப முடியவில்லை. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கரூர். அப்பா ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். ஆண்டு வருமானம் அப்போது 6 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அம்மா வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறார். தம்பி 2022-ல் பிளஸ் டூ போனபோது, எங்களுக்கு எதுவும் தெரியாததால் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் ஒன்றரை லட்சம் கட்டினோம். அவர்கள் சொன்னது இதுதான்: "நிதியுதவி வேணும்னு டிக் பண்ணா உடனே ஒதுக்கிடுவாங்க. முதல்ல சீட்டை வாங்குங்க, ஸ்காலர்ஷிப்பை அப்புறம் பேசிக்கலாம்." நாங்களும் எல்லா விண்ணப்பத்திலும் உதவி தேவையில்லை என்று குறித்தோம். 2023 மார்ச்சில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. வீட்டில் கேசரி கிண்டினோம். ஒரு வருடச் செலவு 68,000 டாலர் என்று போட்டிருந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 56 லட்சம். நான்கு வருடத்துக்கு இரண்டு கோடிக்கு மேல். உதவி கேட்டு எழுதினோம். வெளிநாட்டு இளங்கலை மாணவர்களுக்கு உதவி இல்லை, விண்ணப்பத்திலும் நீங்கள் கேட்கவில்லை என்று பதில் வந்தது. அப்பா அந்தக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அந்த நிறுவனம் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது. விஷயம் இப்படி. சில இடங்களில் விண்ணப்பத்தைப் படித்து முடிவு செய்கிறவர்கள் குடும்பத்தின் பண நிலையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இதை நீட்-பிளைண்ட் என்பார்கள் (நம் மருத்துவ நீட் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). சேர்த்துக்கொண்டால், குடும்பத்தால் கட்ட முடிந்தது போக மீதியை அவர்களே தருகிறார்கள். அதில் பெரும்பகுதி திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியம், கொஞ்சம் வளாகத்திலேயே பகுதிநேர வேலை. வெளிநாட்டு மாணவர்களையும் இப்படி நடத்துகிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் பல வருடங்களாக. 2022-ல் டார்ட்மத்தும் போடின் கல்லூரியும் சேர்ந்தன. 2025-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து பிரவுன். 2024-ல் நோட்டர் டாமும் அறிவித்தது.

இரண்டாவது வகையில் ஸ்டான்ஃபோர்ட், வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், பொமோனா போன்றவை வரும். இங்கே உதவி கேட்டால் வாய்ப்பு குறையத்தான் செய்யும். ஆனால் எடுத்துக்கொண்டால் தேவைப்படும் முழுத் தொகையையும் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது, பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள். அவற்றில் வெளிநாட்டு இளங்கலை மாணவருக்கு உதவி மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. ஐவி லீக் என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அந்த எட்டுப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே இந்தப் பிரிவு இருக்கிறது. கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா மூன்றும் இரண்டாவது வகை. கார்னெலில் இந்திய மாணவர்களுக்கென்றே டாடா அறக்கட்டளை 2008-ல் கொடுத்த 2.5 கோடி டாலரில் ஓர் உதவித்தொகை இருப்பதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உதவி வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டுப் பின்னால் கேட்கலாம் என்பது பல இடங்களில் நடக்காது. முதலிலேயே கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு வருடமும் கேட்க முடியாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத் தளத்திலும் வெளிநாட்டு மாணவர் நிதியுதவி என்ற பக்கத்தை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். அமெரிக்க மாணவர்களுக்கான பக்கத்தைப் படித்துவிட்டு ஏமாந்துவிட வேண்டாம். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டும் வேறு வேறாக இருக்கும்.

இரண்டாவது வருடம் நாங்கள் யாருக்கும் பணம் கட்டவில்லை. நானும் தம்பியும் ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, கல்லூரிப் பெயருக்குப் பக்கத்தில் முதல் கட்டத்தில் பண விதி, இரண்டாவதில் கடைசித் தேதி, மூன்றாவதில்தான் பாடம் என்று எழுதினோம். பாதிப் பெயர்கள் அந்த முதல் கட்டத்திலேயே அடிபட்டுப் போயின. முதல் வருடம் நாங்கள் கேள்விகூடப் படாத சின்னக் கல்லூரிகள் உள்ளே வந்தன. சில ஆயிரம் மாணவர்கள் மட்டுமே, அறிவியல், கலை என்று பல துறைப் பாடங்களையும் கலந்து படிக்கிற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் அவை. சொந்தக்காரர்கள் யாருக்கும் அந்தப் பெயர்கள் தெரியாது. தெரியாவிட்டால் பரவாயில்லை.

பண விவரங்களை சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தில் கேட்பார்கள். சில இடங்கள் தங்கள் சொந்தப் படிவத்தை வைத்திருக்கும். சம்பளம், வரி, வங்கி இருப்பு, வீட்டின் மதிப்பு, கடன் எல்லாம் வரும். அது நம் ஊர்க் குடும்பத்தை மனதில் வைத்துச் செய்த படிவம் இல்லை. எங்களுக்கு ஊரில் தாத்தா பெயரில் ஒன்றரை ஏக்கர், இன்னும் பாகம் பிரிக்கவில்லை, நான்கு பங்காளிகள். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கடைசியில் விளக்கம் எழுதும் இடத்தில் நான்கு வரியில் உள்ளதை உள்ளபடி எழுதினோம். அம்மா கட்டுகிற சீட்டையும் எழுதினோம். அப்பாவின் ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு விவரம், தாசில்தார் தந்த வருமானச் சான்று எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக வைத்திருந்தோம்.

எதையும் மறைக்காதீர்கள், கூட்டியும் எழுதாதீர்கள். 2024-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தில் ஓர் இந்திய மாணவர் போலி மதிப்பெண் சான்றும், உயிரோடு இருக்கும் தந்தைக்குப் போலி இறப்புச் சான்றும் கொடுத்து முழு உதவியோடு சேர்ந்தது வெளியே வந்து, கைதாகி, வெளியேற்றப்பட்டு ஊர் திரும்பினார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்து நம் ஊரிலிருந்து போகும் ஒவ்வொரு சான்றிதழையும் இனி எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களோ!

விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் ஏறக்குறைய 75 முதல் 90 டாலர். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில் கட்டண விலக்கு கேட்க வழி உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள். எம்ஐடிக்குத் தனி விண்ணப்பத் தளம்.

சரி, பள்ளிக்கு வருகிறேன். மாநிலப் பாடத்திட்டம் என்பது தடையே இல்லை. பள்ளி அலுவலகம்தான் தடை, அதையும் பொறுமையாகக் கடந்துவிடலாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். பள்ளியைப் பற்றி ஒரு அறிமுகத் தாள், ஆலோசகர் கடிதம், இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நம் பள்ளிகளில் ஆலோசகர் ஏது? தலைமையாசிரியர்தான் அந்த இடத்தில் கையெழுத்திட வேண்டும். தம்பியின் பள்ளிக்கு ஒரே ஒரு மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் அலுவலகக் கிளார்க் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அவர் லீவு போட்ட நாளில் எங்களுக்கு வேலை ஓடாது. பிளஸ் டூவில் எதிர்பார்க்கும் மதிப்பெண் என்று ஒன்றைக் கேட்கும்போது பள்ளி குழம்பும். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களைக் கொடுத்து, அவை எப்படிப்பட்ட தேர்வுகள் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முதல் வருடம் வந்த இரண்டு கடிதத்திலும் சின்சியர், ஒபீடியன்ட், ஹார்டு ஒர்க்கிங் என்ற மூன்று வார்த்தைகளும் வாழ்த்தும்தான் இருந்தன. ஆசிரியர்கள் மீது தப்பில்லை. நடத்தைச் சான்றிதழ் எழுதித்தான் அவர்களுக்குப் பழக்கம், வேறு மாதிரி எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இரண்டாவது முறை தம்பி வேதியியல் ஆசிரியையிடம் போய், "மிஸ், என்னைப் பத்தி நல்லதா எழுத வேண்டாம், உங்களுக்கு ஞாபகம் இருக்குற ஒரு நாளை எழுதுங்க" என்று கேட்டான். அவர் யோசித்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரை லிட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஆய்வகத்துக்கு இவன் வந்து நின்றதை எழுதினார். தமிழில் எழுதிக் கொடுத்தார். பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்தார், தலைமையாசிரியர் ஒப்பமிட்டார்.

அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் அவன் கட்டுரையும். கரூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சாயப்பட்டறைக் கழிவால் அமராவதி என்ன ஆனது என்று. எங்கள் அப்பத்தா ஒரு வாய் தண்ணீரை நாக்கில் வைத்தே எந்தக் கிணறு என்று சொல்லிவிடுவார். தம்பி எட்டாவது படிக்கும்போது, சில நூறு ரூபாய்க்கு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி, அப்பத்தா சொல்வதையும் மீட்டர் சொல்வதையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதத் தொடங்கினான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை. அப்பத்தா "வாயில வைக்க முடியல" என்று துப்பிய கிணறுகள் எல்லாம் 2,000-ஐத் தாண்டியே இருந்தன. ஒரே ஒரு கிணற்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போகவில்லை. மீட்டர் நல்ல தண்ணீர் என்றது, அப்பத்தா ஆகாது என்றார். அது ஏன் என்று அவனுக்கு இன்றுவரை தெரியவில்லை. கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதல் வருடம் ஆலோசனை நிறுவனம் அந்த நோட்டை இதெல்லாம் சான்றிதழ் இல்லாத வேலை என்று ஒதுக்கிவிட்டது. தலைமைப் பண்பு என்று ஒரு கட்டுரையை அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். காமன் ஆப் கட்டுரைக்கு 650 வார்த்தைதான் இடம். உங்கள் மகன் யாரும் சொல்லாமல், மதிப்பெண்ணுக்காக இல்லாமல் எதைச் செய்துகொண்டிருக்கிறான் என்று பாருங்கள். கட்டணம் கட்டிப் போகும் கோடைக்கால முகாமோ, காசு கொடுத்துப் போடும் ஆய்வுக் கட்டுரையோ வேண்டாம். செயல்பாடுகளுக்குப் பத்து இடம் தருவார்கள். வீட்டு வேலை, கடையில் உதவி, தம்பி தங்கைக்குப் பாடம் சொல்வது எல்லாம் அதில் எழுதத் தகுந்தவையே.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வைச் சில வருடங்கள் பல இடங்கள் கேட்காமல் விட்டிருந்தன. எம்ஐடி 2022-லேயே திரும்பக் கொண்டுவந்தது, பிறகு ஹார்வர்ட், டார்ட்மத், பிரவுன் எல்லாம் கேட்கத் தொடங்கிவிட்டன. எழுதிவிடுவதே நல்லது. கணக்கில் நம் பிள்ளைகளுக்குச் சிரமமில்லை, வாசிப்புப் பகுதிக்குத்தான் ஒரு வருடம் தினமும் அரைமணி நேரமாவது ஆங்கிலம் படிக்க வேண்டும்.

வாய்ப்பு எவ்வளவு என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். 2024-ல் சேர ஹார்வர்டுக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், 1,937 பேருக்கு இடம். எம்ஐடியில் இளங்கலை மாணவர்களில் வெளிநாட்டினர் பத்து சதவீத அளவுக்குத்தான், உலகம் முழுவதும் அதற்குள்தான் போட்டி. அதனால் பிளஸ் டூ பாடத்தையும் நம் ஊர் கலந்தாய்வையும் ஒரு நாளும் கைவிட வேண்டாம். தம்பி ஒரு வருடம் எங்கும் சேராமல் காத்திருந்தான். இங்கே ஒரு கல்லூரியில் ஒரு வருடம் முடித்துவிட்டால் பல பல்கலைக்கழகங்களில் முதலாமாண்டு மாணவராக விண்ணப்பிக்க முடியாது என்பதுதான் காரணம். அந்த வருடம் கல்யாண வீடுகளுக்கு அம்மா அவனை அழைத்துப் போகவில்லை. எல்லோரும் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. எல்லா வீட்டாலும் இதைத் தாங்க முடியாது, தாங்கத்தான் வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

பதினொரு இடத்துக்கு அனுப்பினோம். ஒன்பதில் இல்லை. ஒன்றில் காத்திருப்புப் பட்டியல். 2024 மார்ச் கடைசியில், நோட்டில் எட்டாவதாக எழுதியிருந்த சின்னக் கல்லூரி எடுத்துக்கொண்டது. நாங்கள் கட்ட வேண்டியது வருடத்துக்கு 3,100 டாலர், விமானச் செலவு தனி. அப்பா இந்தக் கடிதத்தையும் பிரிண்ட் எடுத்து, பழையதோடு சேர்த்து வைத்துவிட்டார்.

அவன் போன பிறகு விசா விஷயம் இறுகியிருக்கிறது. 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக வலைதளக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும். நேர்காணல் தேதி கிடைக்கவும் தாமதமாகலாம், சேர்க்கை முடிவானதும் தள்ளிப்போடாமல் அந்த வேலையைப் பாருங்கள். சென்னை அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை மையம் இருக்கிறது. அது அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவில் இயங்கும் அமைப்பு. தனியாரிடம் பணம் கட்டும் முன் அங்கே கேளுங்கள்.

உங்கள் மகன் பிளஸ் ஒன் என்பதால் நேரம் இருக்கிறது. முன்கூட்டிய சுற்றுக்கு நவம்பர் 1, வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம் என்று தேதிகள் வரும். வருடத்துக்கு உங்களால் உண்மையாக எவ்வளவு கட்ட முடியும் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தொகையை இந்த மாதமே எழுதுங்கள். மகனும் உடன் இருக்கட்டும். ஆசிரியர்களிடம் கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிளஸ் டூ தொடங்கிவிட்டால் சிறப்பு வகுப்பு, தேர்வு என்று அவர்களுக்கே மூச்சுவிட நேரம் இருக்காது.