லடாக்கின் வம்சாவளிகள் – கடிதம்

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் நண்பர்களோடு லடாக் போயிருந்தேன். லே நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டில் தங்கினோம். ராஜாக்கள் காலத்திலிருந்தே தன் குடும்பம் அதே வீட்டில்தான் இருக்கிறது என்றார் வீட்டுக்காரர். அவர்களுடைய அரச வம்சத்துக்கோ ஆயிரம் வருஷத்துக்குப் பெயர்ப் பட்டியல் இருக்கிறதாம். எனக்கு என் பூட்டனார் பெயருக்கு மேல் எதுவும் தெரியாது. பனிக்குள் கிடப்பவர்கள் காத்து வைத்ததை நாம் மட்டும் ஏன் தொலைத்தோம்? அந்தப் பட்டியல்களை வரலாறு என்று நம்பலாமா?

மு., உசிலம்பட்டி

அன்புள்ள மு.,

தொலைத்துவிட்டோம் என்று அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள். நீங்கள் அங்கே கேட்டது இரண்டு தனித்தனி சங்கதி. ஒன்று வீடு, இன்னொன்று வம்சம்.

வீட்டை முதலில் பார்ப்போம். லே பகுதியில் வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை. பனி உருகி வாய்க்காலில் வருகிற தண்ணீரை வைத்துத்தான் வெள்ளாமை. பாசன நிலம் கொஞ்சம். அதைக் கூறு போட்டால் எவனுக்கும் கஞ்சிக்கு ஆகாது. அதனால் நிலம், வரி, அரசனுக்குச் செய்யவேண்டிய ஊழியம் எல்லாம் ஆள் பேரில் இல்லாமல் வீட்டுப் பேரில் இருந்தன. மூத்தவனுக்குக் கல்யாணமானதும் பெரிய வீடு அவன் கைக்கு வரும். பெற்றவர்கள் பக்கத்திலேயே சின்ன வீட்டுக்கு மாறிக்கொள்வார்கள். தம்பிகள் அண்ணனோடு சேர்ந்து ஒரே பெண்ணுக்குக் கணவர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் மடத்துக்குப் போவார்கள். இப்படி அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணைக் கட்டுவதைத் தடை செய்து சட்டம் வந்தது 1941இல்தான்.

ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை எடுப்பார்கள். அவருக்கு 'மக்பா' என்று பெயர். வந்தவர் அந்த வீட்டுப் பெயரோடுதான் அறியப்படுவார். நம் பக்கத்தில் வீட்டோடு மாப்பிள்ளை என்றாலே ஒரு இளக்காரம் உண்டு. அங்கே வீட்டுப் பெயர் அழியாமல் நிற்பதே பல இடங்களில் அவரால்தான். ஆக, உங்களுக்குச் சோறு போட்டவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரே வீடு என்பதால் ஒரே ரத்தம் என்று ஆகிவிடாது.

இன்னொன்றையும் நீங்கள் அங்கே விசாரித்திருக்கலாம். சில வீடுகள் சேர்ந்து ஒரு பொதுத் தெய்வத்தைக் கும்பிடும். அந்தக் கூட்டத்துக்குப் 'பஸ்பூன்' என்று பெயர். சாவு விழுந்தால் பிணத்தைக் குளிப்பாட்டுவதிலிருந்து எரிப்பதுவரை அவர்கள் பொறுப்பு. கேட்டதும் நம் பங்காளி வகையறாவும் குலதெய்வமும் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே பங்காளியாக இருக்க ரத்த உறவு வேண்டும் என்பதில்லை.

இனி ராஜாக்கள். லடாக்கின் அரச வரலாற்றுச் சுவடி உலகம் உண்டானதில் தொடங்குகிறது. புத்தர் பிறந்த சாக்கியர் குலத்துக்கு வந்து, திபெத்தின் ஆதி அரசர்களைத் தொட்டு, பத்தாம் நூற்றாண்டில் மேற்கே வந்து தன் மூன்று மகன்களுக்கு நாட்டைப் பிரித்துக்கொடுத்த நீமாகோன் என்ற அரசரில் தரையிறங்குகிறது. அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தவர்களில் ஒருவர் லே நகரில் மருத்துவம் பார்த்த, மொராவியன் என்ற கிறிஸ்தவ சபையின் பாதிரியார். அவர் பெயர் கார்ல் மார்க்ஸ்! தாடிக்கார மார்க்ஸ் இல்லை, இவர் வேறு. இவருக்குப் பின் அந்த வேலையைப் பெரிதாகச் செய்தவர் அதே சபையின் பாதிரியார் பிராங்கே. பட்டியலை உரசிப் பார்த்து எது நிற்கும், எது நிற்காது என்று சொன்னவர் இத்தாலிய அறிஞர் லூச்சியானோ பெட்டெக்.

பட்டியலை மட்டும் பார்த்தால் பெயருக்குக் கீழே பெயர் ஒழுங்காக நிற்கும். உள்ளே போனால்தான் ரத்தம் தெரியும். 16ஆம் நூற்றாண்டில் தாஷி நம்கியால் என்பவர் அண்ணன் கண்ணைக் குருடாக்கிவிட்டு அரசரானார். லே நகருக்கு மேலே குன்றில் ஒரு கோட்டை பார்த்திருப்பீர்களே, அது அவர் கட்டியதுதான். அவருக்குப் பிள்ளை இல்லை. குருடாக்கப்பட்ட அண்ணனின் மகன்கள்தான் அடுத்து ஆண்டார்கள். சுவடி இதை மறைக்கவில்லை.

அந்த மகன்களில் ஒருவர் ஜம்யாங் நம்கியால். கார்கில் பக்கத்துப் பூரிக் பகுதித் தலைவர்களின் சண்டையில் தலையிடப் போய், பனியில் கணவாய்கள் அடைபட்டு, பால்டிஸ்தானில் உள்ள ஸ்கர்டுவின் அரசர் அலி மீரிடம் சிக்கினார். பால்டிப் படை லடாக்குக்குள் நுழைந்து மடங்களை இடித்தது, ஏடுகளை எரித்தது. படுதோல்வி. ஆனால் சுவடி அடுத்து என்ன சொல்கிறது பாருங்கள்: ஆற்றிலிருந்து ஒரு சிங்கம் பாய்ந்து தன் மகளின் உடலுக்குள் மறைவதாக அலி மீர் கனவு கண்டாராம். அந்த மகள் கியால் காத்தூனைச் சிறைப்பட்ட ஜம்யாங்குக்கே கட்டிவைத்து நாட்டையும் திருப்பிக் கொடுத்தாராம். பிறந்த பிள்ளைதான் செங்கே நம்கியால். சிங்கத்தின் பெயர். லேயின் ஒன்பதடுக்கு அரண்மனையைக் கட்டியவர். முஸ்லிம் அரசகுமாரி வயிற்றுப் பிள்ளை பௌத்த மடங்களின் பெரும் புரவலராக இருந்தார். கனவை நான் நம்பவில்லை. ஆனால் கனவு அந்த இடத்தில் ஏன் வருகிறது என்பது எனக்கு வரலாறு. தோற்ற கதையை வம்சாவளியில் எப்படி எழுதுவது என்று ஒரு அரண்மனை யோசித்திருக்கிறது.

நம் பாளையக்காரர் வம்சாவளிகளும் இதே ஜாதிதான். கும்பினியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சியின் ஆட்கள் திரட்டி வைத்தவற்றை எடுத்துப் பாருங்கள். முன்னோர் எங்கிருந்தோ வருவார், ராஜா முன்னால் ஒரு வீரச்செயல் செய்வார், பட்டமும் பாளையமும் வாங்குவார். இவை திரட்டப்பட்ட காலம் கும்பினி ஆட்சி வேர்விட்ட காலம். உரிமை கேட்டு நிற்பவனுக்கு நீண்ட வம்சாவளி தேவைப்படும். உழுது பிழைத்த உங்கள் பூட்டனாரிடம் அதை யார் கேட்டார்கள்? உசிலம்பட்டிப் பக்கம் பல குடும்பங்களின் பெயரைச் சர்க்கார் அக்கறையாக எழுதிக்கொண்டது ரேகைச் சட்டத்துக்காக, அதாவது கைரேகை பதியவைத்த குற்றப்பரம்பரைச் சட்டத்துக்காக. 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்ததே அதை எதிர்த்ததற்குத்தான். அந்தப் பதிவை எந்தக் குடும்பம் பெருமையாகப் பேசும்?

நீங்கள் தேடவேண்டியது கிரயப் பத்திரங்களில். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுப் பழைய பத்திரத்தின் நகல் வாங்குங்கள். 'மதுரை ஜில்லா திருமங்கலம் தாலுகா' என்று தொடங்கி, இன்னார் குமாரர் இன்னார் என்று அப்பன் பெயரோடு எழுதியிருக்கும். அதைவிட முக்கியம் கீழே வருகிற செக்குபந்தி, அதாவது நிலத்தின் நாலு எல்லை விவரம்: இன்னார் புஞ்சைக்கு மேற்கு, இன்னார் கிணற்றுக்குத் தெற்கு. லடாக்கில் நிலம் பிரியவில்லை, அதனால் பெயர்கள் நேர்கோட்டில் மேலே போகின்றன. இங்கே ஒவ்வொரு தலைமுறையும் பாகம் பிரித்தது, அதனால் நம் வம்சம் பக்கவாட்டில் கிடக்கிறது. செக்குபந்தியில் வருகிற அந்த அக்கம்பக்கத்துக்காரர்களில் பாதிப் பேர் உங்கள் பங்காளிகளாகத்தான் இருப்பார்கள். காட்டுப் பெயர்கள் தெரிந்த பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.