பாரசீகத் தொன்மத்து மாண்டிகோரை வைத்து ஒரு மெய்நிகர் செல்லச் சிங்கம் செய்கிறேன். மற்ற செல்லப்பிராணி விளையாட்டுகளைப் போல ஆகிவிடாமல் எப்படிச் செய்வது?

படம் வரைந்து முடித்து, பசி, தூக்கம், மகிழ்ச்சி என்று மூன்று பட்டைகளும் வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று நிற்கிறீர்கள் என நினைக்கிறேன். அந்த மூன்றையும் எந்த விலங்குக்கும் ஒட்டலாம். 1996இல் ஜப்பானில் தமகோச்சி என்ற கையடக்க மெய்நிகர் செல்லப்பிராணிப் பொம்மை வந்ததிலிருந்து எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இந்தச் சிங்கத்தின் உயிர் வாலில் இருக்கிறது.

பாரசீக மன்னர் இரண்டாம் அர்த்தசெர்க்சஸின் அரண்மனை மருத்துவரான கிரேக்கர் டீசியஸ் இதை விவரித்திருக்கிறார்: சிங்க உடல், மனித முகம், மூன்று வரிசைப் பற்கள், சாதிலிங்கச் சிவப்பு, தேள் வால். வால் முட்களை அம்பாக எய்யும். எய்த இடத்தில் புது முள் முளைக்கும். அது வாழ்வதாக அவர் சொல்வது இந்தியாவில். குழந்தைகள் விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்கு வேண்டிய விளையாட்டு விதியே அந்த விவரிப்பில்தான் கிடைக்கிறது.

முட்களையே முதல் பட்டையாக வையுங்கள். 12 போதும். அளவுக்கு மீறிச் சீண்டினால் ஒன்றை எய்யட்டும், 20 நிமிடத்துக்கு ஒன்று முளைக்கட்டும். எல்லாம் தீர்ந்தால் முழுதாக முளைக்க 4 மணி நேரம். அந்த நேரத்தில் அது வாலை வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொண்டு ஆளைத் தேடி வர வேண்டும். பாசம் ஒட்டுவது அப்போதுதான்.

கணக்கு இங்கேதான் பிசகும். செயலி திறந்திருக்கும்போது மட்டும் ஓடும் டைமர் உதவாது. கடைசியாகக் கணக்கிட்ட நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமித்து, திறக்கும்போது கடந்த நிமிடங்களை 20ஆல் வகுங்கள். ஈவு புது முட்கள். மீதியை அடுத்த கணக்குக்குக் கொண்டுபோங்கள். மீதியைத் தூக்கிப் போட்டால், 19 நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பவருக்கு ஒரு முள்கூட முளைக்காது. போன் கடிகாரத்தைப் பின்னே தள்ளினால் விடை எதிர்மறையாக வரும். அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் கடந்திருந்தாலும் பசியை 8 மணி நேரத்துக்கு மேல் கணக்கிடாதீர்கள், இல்லையென்றால் ஒரு வாரம் ஊருக்குப் போனவர் திரும்பி வந்து பிணத்தைத்தான் பார்ப்பார்.

வாலை 8 துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் சுழல் மையத்தையும் அடிமூட்டில் வையுங்கள். நடுவில் வைத்தால் வளையும்போது மூட்டு பிளந்து தெரியும். ஒவ்வொரு துண்டும் முந்தையதை விட 0.05 விநாடி தாமதமாக அசையட்டும். எல்லாம் சேர்ந்து அசைந்தால் குச்சியாகிவிடும். கோணம் ஒன்றன்மேல் ஒன்று கூடும் என்பதை மறக்க வேண்டாம். துண்டுக்கு 6 டிகிரி என்றாலே நுனியில் 48. 20 கொடுத்தால் 160 ஆகி, கொடுக்கு முதுகுக்குள் புகுந்துவிடும்.

மூன்று வரிசைப் பற்கள் 64 பிக்சல் படத்தில் வெறும் அழுக்காகத்தான் தெரியும். கொட்டாவி விடும்போது மட்டும் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். குரல் புல்லாங்குழல் கொத்தும் எக்காளமும் கலந்தது என்கிறார்கள். இரண்டையும் தனித்தனி ஒலிக்கோப்பாக வைத்து, பசி ஏற ஏற எக்காளத்தை மட்டும் உயர்த்துங்கள். திரையைப் பார்க்காமலே பசி புரியும்.

இறக்கை ஒட்டாதீர்கள். டீசியஸ் சொன்ன மிருகத்துக்கு இறக்கை கிடையாது. இறக்கையுள்ள பாரசீகச் சிங்கம்தான் வேண்டுமென்றால் பண்டைய பாரசீக நகரான சூசாவின் அரண்மனையிலிருந்த மெருகிட்ட செங்கல் சிற்பம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு ஆட்டுக்கடா கொம்பும் கழுகுப் பின்னங்காலும் உண்டு. அது வேறு மிருகம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். “உன் சிங்கம் பசியால் சாகிறது” என்று நள்ளிரவில் அறிவிப்பு அனுப்பும் வழக்கம் அருவருப்பானது. குழந்தையின் பயத்தை வைத்துச் செயலியைத் திறக்க வைப்பதற்குப் பெயர் வடிவமைப்பு இல்லை. இரவு 9 முதல் காலை 7 வரை சிங்கம் தூங்கட்டும், பசியும் அதோடு நிற்கட்டும்.